புது வீடும் பழம் புரட்டும்

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்கின்ற காரியங்களில் மிகப் பெரும் செலவு பிடிக்கக்கூடியது வீடு கட்டுவதேயாகும். கல்யாணத்தைச் சிக்கனமாக ஒரே நாளில் முடிக்கலாம் என்று நம் இயக்கம் வெகு காலமாகச் சொல்லி வந்து, பல ஆயிரம் பேர் அப்படியே செய்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் வீட்டை அவ்விதம் முடித்துவிட முடியாது. பாதி ஆயுளின் உழைப்பும், மனைவியின் கழுத்து நகையும், பாங்கிக் கடனும், அந்தக் கடனுக்கு 15, 20 வருஷத் தவணையும் சேர்ந்துதான் நாலு சுவரும் ஒரு கூரையுமாக எழும்பி நிற்கின்றன.

இவ்வளவு பெரிய காரியத்தில் நம் மக்கள் முதன்முதலாக யாரைத் தேடிக்கொண்டு போகிறார்கள்? மண்ணின் குணம் தெரிந்த மேஸ்திரியையா? பாரக் கணக்குத் தெரிந்த இஞ்சினீயரையா? அல்லது அந்த வீட்டுக்குள்ளேயே காலமெல்லாம் கிடந்து உழைக்கப் போகின்ற வீட்டுப் பெண்ணையா? இல்லவே இல்லை. மனையடி சாஸ்திரக்காரனைத் தேடிக்கொண்டு போகின்றார்கள். அவன் வந்து கோடு கிழித்த பிறகுதான் இஞ்சினீயருக்கு வேலை. வீட்டுப் பெண்ணுக்கோ, சுவர் எழும்பிய பிறகு பார்த்துவிட்டுத் தலையாட்டுகிற வேலை.

முன்னெல்லாம் இந்தக் காரியத்தைச் செய்தவன் பஞ்சாங்கக் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இன்று வாஸ்து நிபுணர் என்று பட்டம் சூட்டிக்கொண்டு, செல்போனில் திசைகாட்டி வைத்துக்கொண்டு, டெலிவிஷனில் பேசுகிறான். இதில் இன்று பார்ப்பனப் புரோகிதர் மாத்திரமல்ல, நம்மவர்களும் கடை விரித்திருக்கிறார்கள். சரக்கு அதே பழைய சரக்குதான். தராசு பிடிக்கும் கை மாறியதால் புரட்டு புனிதமாகிவிடாது.

அது என்ன சரக்கு என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

வாஸ்துவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டுகின்ற பழைய நூல்களில் ஒன்று, 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை என்பதாகும். அதில் வீட்டு லட்சணம் சொல்லுகின்ற அத்தியாயத்தில் வீட்டின் அகலத்துக்கு ஒரு கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பிராமணன் வீட்டுக்கு 32 முழம்; க்ஷத்திரியன் வீட்டுக்கு 28 முழம்; வைசியன் வீட்டுக்கு 24 முழம்; சூத்திரன் வீட்டுக்கு 20 முழம்; அதற்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு 16 முழம். முழம் ஒன்றுக்கு ஒன்றரை அடி என்று வைத்துப் பார்த்தால், ஒருவனுக்கு 48 அடி, நமக்கு 30 அடி, நம்மிலும் தாழ்த்தப்பட்ட தோழனுக்கு 24 அடி. வீட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை கிழவர்கள் என்ற கேள்வியே அங்கே இல்லை. எந்த வயிற்றில் பிறந்தாய் என்பது ஒன்றே அளவுகோல்.

மண்ணைப் பற்றியும் அதே நூல் பேசுகிறது. வெள்ளை மண் பிராமணனுக்கு, செம்மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு. மனை எந்தப் பக்கம் சரிந்திருக்க வேண்டும் என்பதற்கும் வருணத்துக்கு ஒரு திசை ஒதுக்கிவிட்டு, பிராமணன் மாத்திரம் எந்தப் பக்கம் சரிந்த மனையிலும் வசிக்கலாம் என்று ஒரு சலுகையும் எழுதி வைத்திருக்கிறது. திசைக்கு உண்மையிலேயே ஒரு சக்தி இருந்தால் அது ஒருவனை மாத்திரம் விட்டுவிட்டு மற்றவனைப் பிடிக்குமா? நெருப்பு அப்படிச் செய்கிறதா? மின்சாரம் அப்படிச் செய்கிறதா? வாஸ்து பேசும் நிபுணர் இந்தப் பக்கத்தை மாத்திரம் உங்களுக்கு வாசித்துக் காட்டமாட்டார். வாசித்துக் காட்டினால் உங்களுக்குக் கோபம் வரும், தட்சணை வராது.

கறுப்பு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்மையாகவே உண்டு. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதிப் பெருக்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத கடைக்கால் போட்டால் சுவர் வாய் பிளக்கும். ஆகவே மண் அசையாத ஆழம் வரைக்கும் தோண்டிக் கட்ட வேண்டும்; அல்லது அடிப்பக்கம் குடம்போல் அகன்ற தூண்களை ஆழத்தில் இறக்கி அவற்றின்மேல் கட்ட வேண்டும். இந்த முறையை ஆராய்ந்து வகுத்துக் கொடுத்தவர்கள் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார். சாஸ்திரம் கரிசலைப் பார்த்து, இது எந்தச் சாதிக்கு என்று கேட்டது. விஞ்ஞானம் அதே கரிசலைப் பார்த்து, இது எவ்வளவு ஊதும் என்று கேட்டது. இரண்டு கேள்விகளில் எது வீட்டைக் காப்பாற்றும் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

நிற்க, இன்று நடைமுறையில் உள்ள அடிக்கணக்கைப் பார்ப்போம். கடைகளில் விற்கின்ற மனையடி சாஸ்திரப் புத்தகங்களில் அறைக்கு 6 அடி என்றால் நன்மை, 7 அடி என்றால் தரித்திரம், 8 அடி என்றால் பாக்கியம், 9 அடி என்றால் பீடை, 10 அடி என்றால் ஆடு மாடு பெருகும், 16 அடி என்றால் செல்வம், 18 அடி என்றால் வீடு பாழ் என்றிப்படி வாய்பாடு மாதிரி எழுதிக்கொண்டே போகிறது. நாம் கேட்கின்றோம்: அந்த அடி யாருடைய அடி? பழைய நூல்களில் உள்ளது முழக் கணக்கு. 12 அங்குலம் கொண்ட இன்றைய அடி வெள்ளைக்காரன் கொண்டுவந்த அடி. அதன் நீளத்தைக்கூட 1959-ல் இங்கிலீஷ் பேசும் நாடுகள் கூடி ஒரு மீட்டரில் 0.3048 பங்கு என்று நிர்ணயம் செய்துகொண்டன. இங்கிலாந்து தேசத்து அடிக்கோல் நம்மூர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பலன் சொல்லுகிறதென்றால் இதைவிட வேடிக்கை வேறு உண்டா? மீட்டரிலேயே வீடு கட்டுகின்ற ஜப்பானியனுக்கும் ஜெர்மானியனுக்கும் தரித்திரம் எந்த எண்ணில் ஒளிந்துகொண்டிருக்கிறது?

இன்னொன்று. கொத்தனார் 10 அடி என்று சுவர் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் அரையரை அங்குலம் பூச்சு பூசுகிறார். அறை 9 அடி 11 அங்குலம் ஆகிவிட்டது. இப்போது ஆடு மாடு பெருகுமா, பீடை பிடிக்குமா? ஒரு கூடைச் சிமெண்டுக் கலவையில் தலைவிதி மாறும் என்றால், அந்த விதியை எழுதியவனைவிடக் கொத்தனார் அல்லவா பெரியவர்!

இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி மாத்திரமல்ல. 12 அடி ஆகாது என்று அந்தப் புத்தகம் சொல்வதால், 12 அடி நீளம் தேவைப்படுகிற படுக்கையறையை 11 அடியாகக் குறைக்கிறார்கள். ஆறேகால் அடிக் கட்டிலும், 2 அடி அலமாரியும் போட்ட பிறகு நடுவில் இரண்டே முக்கால் அடிதான் மிஞ்சும். அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. மெத்தைப்படியிலும் இதே கூத்துதான். லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறி லாபத்தில் முடிய வேண்டுமாம். தளத்துக்குத் தளம் 10 அடி உயரமென்றால் 6 அங்குலப் படி 20 வைத்து ஒழுங்காக முடிக்கலாம். ஆனால் 20 நஷ்டமாயிற்றே! ஆகவே கடைசியில் ஒரு படியைக் குட்டையாகச் செருகி 21 ஆக்குகிறார்கள். படி ஏறுகிற கால் கண்ணைக் கேட்டு ஏறுவதில்லை, பழக்கத்தில் ஏறுகிறது. ஒரு படி மாத்திரம் உயரம் மாறினால் அந்த இடத்தில்தான் கிழவி விழுவாள், இடுப்பெலும்பு முறியும். லாபத்தில் முடிந்த படிக்கட்டு கடைசியில் ஆஸ்பத்திரியில் முடிகிறது.

அடுத்தாற்போல வாஸ்து புருஷன். இவர் வருஷத்தில் 8 நாள் மாத்திரம், அதுவும் நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் கண் விழிப்பாராம். அந்த ஒன்றரை மணியில் பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போடுவாராம். அவர் சாப்பிடுகிறபோதும் வெற்றிலை மெல்லுகிறபோதும் கடைக்கால் போட்டால் நல்லதாம். அதாவது 36 நிமிஷம். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நாலு மாதமும் அவர் எழுந்திருக்கவே மாட்டாராம்.

இந்தச் சோம்பேறியின் தூக்கத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால் அவர் விழிக்கிற நாளைக் கவனியுங்கள். ஐப்பசி 11-ம் தேதி ஒரு நாள், கார்த்திகை 8-ம் தேதி ஒரு நாள் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் பெய்கிற மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். தோண்டிய கடைக்காலில் தண்ணீர் நின்று கரை சரிகிற மாதம் சாஸ்திரத்துக்கு நல்ல மாதம். மண் காய்ந்து, பள்ளம் பொடியாமல் நிற்கிற பங்குனி ஆகாத மாதம்! இதை எழுதியவன் தமிழ்நாட்டில் ஒரு குழியாவது தோண்டியிருப்பானா என்று கேட்கின்றோம்.

இந்த இடத்தில் படித்த கனவான்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "சடங்கை விடுங்கள் ஐயா, திசைக் கணக்கில் விஞ்ஞானம் இருக்கிறது, சூரிய ஒளியையும் காற்றையும் பார்த்துத்தான் முன்னோர்கள் வகுத்தார்கள்" என்பார்கள். நல்லது, அந்தப் பரீட்சையையே வைத்துப் பார்ப்போம்.

நம் நாடு பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில், வடக்கே 8 பாகையிலிருந்து பதின்மூன்றரைப் பாகைக்குள் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் உச்சிவெயில் நேராகத் தலைக்குமேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். உயரத்தில் நிற்கும் இந்த வெயிலை இரண்டடித் தாழ்வாரம் நீட்டித் தடுத்துவிடலாம். தடுக்க முடியாதது காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் தாழ வந்து சுவரில் அறைகிற வெயில். அதிலும் மேற்குச் சுவர் பகலெல்லாம் ஏற்கெனவே சூடேறிய காற்றில் நின்று, மாலை வெயிலையும் குடித்து, இராத்திரியில் அந்தச் சூட்டை உள்ளே கக்கும். ஆகவே நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும்; மேற்கில் மாடிப்படி, குளிக்கிற அறை, சாமான் அறை அல்லது ஒரு வேப்பமரம் இருக்க வேண்டும். இது வெயில் சொல்லுகிற கணக்கு.

வாஸ்து என்ன சொல்கிறது? வீட்டு எஜமானனின் படுக்கையறை தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டும்; அந்த மூலை கனமாக, அடைத்து இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் இராத்திரி படுக்கத் தகாத சூட்டு மூலை எதுவோ அதையே பார்த்து எஜமானனுக்கு ஒதுக்கியிருக்கிறது! பிறகு அவர் குளிர்சாதன யந்திரம் வாங்கி, மாதாமாதம் மின்சாரக் கட்டணம் கட்டி, சாஸ்திரம் மூட்டிய அடுப்பை அணைக்கிறார்.

காற்றையும் பாருங்கள். சமையலறை தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருக்க வேண்டுமாம். கடலூர், நாகப்பட்டினம், சென்னை ஆகிய கடற்கரையூர்களில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. உடம்புக்குச் சுகமான அந்தக் காற்று முதலில் அடுப்பங்கரையில் நுழைந்து, சூட்டையும் தாளிப்பு நெடியையும் சுமந்துகொண்டுதான் மற்ற அறைகளுக்கு வர வேண்டும். கோயமுத்தூரிலோ ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கிறது. அங்கே தென்கிழக்குச் சமையலறை தற்செயலாகப் பொருந்தலாம். பொருந்தினால் அது காற்றினால் பொருந்தியதேயொழிய அக்கினி தேவனால் அல்ல. ஊருக்கு ஊர் காற்று மாறும்போது, ஊருக்கு ஊர் மாறாத விதி எப்படி விஞ்ஞானமாகும்? நம் உழவர்கள் தெற்கேயிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கேயிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கேயிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கேயிருந்து வருவதைக் கோடை என்றும் பிரித்துப் பெயர் வைத்தார்கள். அந்தத் தென்றல் வரும் தெற்கு வாசலை எமன் வாசல் என்று பயந்து இன்று அடைக்கிறார்கள். தெற்குப் பார்த்த மனை என்றால் வாங்க ஆளில்லாமல் விலை குறைகிறது. அறிவுள்ளவன் அதையே பேசி வாங்கி, மிச்சப்பட்ட பணத்தில் ஜன்னல் வைப்பான்.

இதுவரை சொன்னது சுகக்கேடு. இனிச் சொல்லப் போவது உயிர்க்கேடு.

கிணறு வடகிழக்கில், ஈசானிய மூலையில் இருக்க வேண்டும். மலக்குழி வடமேற்கில், வாயு மூலையில் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு தெருவில் கிழக்கு மேற்காக வரிசையாக 10 வீடுகள் இருப்பதாகவும், பத்து பேரும் சாஸ்திரப்படியே கட்டியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வடகிழக்கு மூலை எங்கே முடிகிறதோ அங்கேதான் உங்களுக்குக் கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலை தொடங்குகிறது. அதாவது உங்கள் குடிதண்ணீர்க் கிணறும் அவர் வீட்டு மலக்குழியும் ஒரு காம்பவுண்டுச் சுவரின் இரு பக்கத்தில்! கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது சுகாதார இஞ்சினீயர்கள் சொல்லும் பொது விதி. சாஸ்திரம் வைக்கிற இடைவெளி 9 அங்குலச் செங்கல் சுவர். மண்ணுக்கு அடியில் ஊறுகிற தண்ணீருக்கு ஈசானியமும் தெரியாது, வாயுவும் தெரியாது.

இதன் விளைவை லண்டன் பட்டணம் 1854-ல் கண்டது. சோஹோ என்ற பகுதியில் பிராடு தெருவில் வாந்திபேதி வந்து 600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் செத்தவர்கள் எந்த இடத்துத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்து, அந்தத் தெருக் குழாய்க் கிணறே காரணம் என்று கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அங்கிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார் முதலில் இதை நம்பவில்லை; ஆனால் வீடு வீடாகப் போய்த் தாமே விசாரித்து, ஒரு குழந்தையின் பேதித் துணி அலசிய தண்ணீர் அருகிலிருந்த வீட்டு மலக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழி கிணற்றிலிருந்து 3 அடிக்குள் இருந்து கசிந்துகொண்டிருந்தது. ஒரு மதகுருவே விசாரித்து, கண்டதை ஒப்புக்கொண்டார். நம் நாட்டில் படித்தவர்கள் விசாரிக்காமலே, காணாததை ஒப்புக்கொள்கிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

இனி, பெண்கள் சங்கதி. ஒரு வீட்டில் அதிக நேரம் நிற்கிறவர் யார்? ஆண்பிள்ளை காலையில் போய் இராத்திரி வருகிறான். பெண் விடியுமுன் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனால் பாத்திரம் கழுவி முடிக்கிறவரைக்கும் அங்கேதான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கோ இரட்டை வேலை. அந்த அறையைப் பற்றிச் சாஸ்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் எந்த மூலை, எந்தப் பக்கம் முகம் என்பது மாத்திரமே. மேடை அவள் முழங்கைக்குச் சில அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது, முதுகு வலிக்காது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியாவது உண்டா? புகையும் சூடும் போக எதிரெதிரே ஜன்னல் உண்டா? ஆனால் வீட்டுக்கு விலக்கான மூன்று நாள் அவளைக் கொல்லைப் பக்கத்தில் ஒதுக்கி வைக்க இடம் விடுவதற்கு மாத்திரம் வழக்கம் இருக்கிறது. காலை வெளிச்சம் விழுகிற ஈசானிய மூலை கல்லுக்கும் படத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. பாடம் படிக்கிற பெண் குழந்தைக்கு மாடிப்படிக்கு அடியில் இடம் கிடைக்கிறது. வீட்டுக்குள் கக்கூசு ஆகாது என்று சொல்லி, மழையிலும் இருட்டிலும் கர்ப்பிணியையும் கிழவியையும் கொல்லைக்கு நடத்துகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு கொடுக்கச் சட்டம் வந்தது 1989-ல். இந்தியா முழுமைக்கும் வந்தது 2005-ல். சட்டத்தில் பங்கு வந்துவிட்டது. வீட்டுப் பிளானில் ஒரு வார்த்தை சொல்ல இன்னும் பங்கு வரவில்லை.

"எல்லாம் சரி, செய்துவிட்டுப் போனால் என்ன நஷ்டம்? செய்யாமல் கட்டி, நாளைக்கு வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் ஊர் என்ன சொல்லும்?" என்று சிலர் கேட்பார்கள். இந்தப் பயந்தான் வியாபாரத்தின் மூலதனம். நஷ்டம் என்ன என்பதை மேலே சொல்லிவிட்டோம். சாவைப் பற்றிச் சொல்கின்றோம்: உங்கள் ஊர் ரயில்வே குடியிருப்புக்கோ பழைய மில் லைனுக்கோ போய்ப் பாருங்கள். ஒரே பிளானில் கட்டிய வீடுகள் தெருவுக்கு இரு பக்கமும் எதிரெதிராக நிற்கும். ஒரு வரிசைக்கு வாசல் கிழக்கு என்றால் எதிர் வரிசைக்கு வாசல் மேற்கு. ஒரு வரிசையில் அடுப்பு அக்கினி மூலையில் இருந்தால் எதிர் வரிசையில் வாயு மூலையில். வாஸ்து உண்மையானால் ஒரு வரிசை செழித்து ஒரு வரிசை பாழாகியிருக்க வேண்டுமே! இரண்டு வரிசையிலும் ஒரே சம்பளம், ஒரே காய்ச்சல், ஒரே கல்யாணம், ஒரே சாவு. அந்தச் சாவை எந்த வரிசையாரும் மூலைமேல் போடுவதில்லை. சொந்த வீட்டுக்காரன்தான் போடுகிறான்.

தெலுங்கானாவில் சந்திரசேகர ராவ் முதல் மந்திரியாயிருந்தபோது, தலைமைச் செயலகத்துக்கு வாஸ்து சரியில்லை என்று சொன்னார். பிறகு 2020-ல் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, புதிய செயலகம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் தேர்தலில் தோற்று அவர் பதவியை விட்டு இறங்கினார். பாவம், மூலைகள் சரியாக இருந்தன; ஓட்டுகள் சரியாக இல்லை!

2014 ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். அதைப் பற்றிய விசாரணை தூணின் பலத்தையும் கணக்கின் குறையையும் பற்றி நடந்ததேயொழிய, ராகுகாலத்தைப் பற்றி நடக்கவில்லை. வீடு நிற்பது தூக்குக்குண்டாலும், ரசமட்டத்தாலும், கம்பிக் கணக்காலும், யோக்கியமான கலவையாலுமே ஆகும். பூசணிக்காய் கட்டிய கட்டடமும் கணக்கு தவறினால் விழத்தான் விழும்.

கடைசியாக ஒரு மானப் பிரச்சினை. வீட்டைக் கட்டி முடிக்கிறவரைக்கும் எந்தச் சாதித் தோழர்களானாலும் உள்ளே வரலாம். நீங்கள் சாமி அறை என்று பெயர் வைக்கப் போகிற இடத்திலேயே சித்தாள் பெண் நின்று கலவைச் சட்டி எடுத்துக் கொடுக்கலாம். அடுப்பு மேடையின்மேல் ஏறி நின்று கொத்தனார் பூசலாம். தீட்டு இல்லை. வீடு முடிந்ததும் ஒரு புரோகிதன் வந்து, தண்ணீர் தெளித்து, புகை போட்டு, மாட்டை நடத்தி உள்ளே விட்டு, சுத்தி செய்துவிட்டேன் என்று காசு வாங்கிக்கொண்டு போகிறான். மறுநாள் அதே சித்தாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் வாசற்படிக்கு வெளியே நிறுத்தித் தனிக் குவளை தேடுகிற வீடு இன்னும் இருக்கிறது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தாகிவிட்டது என்கிறது. சட்டம் தெருவரைக்கும் வந்து, அந்த வீட்டு நிலைவாசலுக்கு வெளியே நிற்கிறது. தன் கையால் கட்டியவள் தீட்டு. சாணி போடுகிற மாடு சுத்தம்! இதற்கு இடம் கொடுக்கிற வீட்டுக்காரன் சூத்திரன் வீட்டுக்கு 20 முழம் என்று எழுதியவனைப் பற்றிக் குறை சொல்ல என்ன யோக்கியதை உடையவன்?

ஆகவே, வீடு கட்டப் போகும் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். காகிதத்தில் முதல் கோடு போடுமுன் வீட்டிலுள்ளவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கேளுங்கள். சமைக்கிறவரின் உயரம் என்ன? கிழவருக்கு இராத்திரியில் எத்தனை முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது? அவர் அறைக்குப் பக்கத்திலேயே கக்கூசு வையுங்கள். சக்கர நாற்காலி நுழைய அதற்கு 3 அடிக் கதவு வையுங்கள். குழந்தை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அங்கே பெரிய ஜன்னல் வையுங்கள். பிறகு மனையில் நின்று வெயிலைக் கேளுங்கள், காற்றைக் கேளுங்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அங்கே மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். அதை 2003-லேயே நம் அரசாங்கம் கட்டாயமாக்கியிருக்கிறது. அக்கம் பக்கத்து மலக்குழிகள் எங்கே இருக்கின்றன என்று அளந்து கிணறு தோண்டுங்கள். சாஸ்திரக்காரனுக்குக் கொடுக்க வைத்த பணத்தை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். பத்திரத்தில் மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். குடிபுகும் நாளில் புரோகிதனுக்கு விரிக்கிற பலகையில் கொத்தனாரையும், ஆசாரியையும், சித்தாள்களையும் உட்காரவைத்து, முதல் இலை அவர்களுக்குப் போடுங்கள். மேல் மாடியை வாடகைக்கு விடுகிறபோது, என்ன சாதி என்று கேட்காமல் விடுங்கள்.

இப்படிக் கட்டிய வீட்டில் காய்ச்சல் வராது, கடன் வராது, சாவு வராது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சாஸ்திரக்காரன் தொழில். வெளிச்சம் வரும், காற்று வரும், மனிதர்கள் வருவார்கள். வீடு என்பது இதற்குத்தான்.